பட்டா இல்லாத கடைக்கும் இழப்பீடு உண்டு, பட்டியலில் பெயர் இருந்தால்

முதலில் ஒன்று. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தனி ஆளுக்குக் கடன் கொடுப்பதில்லை. "உலக வங்கி லோன், முன்பணம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி, அழித்துவிடுங்கள். அவை பெரும்பாலும் அரசுக்குத்தான் கடன் கொடுக்கின்றன. ரோடு, மெட்ரோ, குடிநீர் எல்லாம் வந்தால் வறுமை குறையும் என்பது அவர்கள் கணக்கு. குறையட்டும். ஆனால் ரோடு அகலமாகும்போது முதலில் போவது ஓரத்து டீக்கடையும் பஞ்சர் கடையும்தான்.

அதற்கும் விதி இருக்கிறது. இந்தக் கடனை வாங்கும் அரசு, வங்கியின் மறுகுடியமர்வு விதிகளுக்கும், அதாவது திட்டத்தால் இடம் போகிறவருக்கு என்ன தர வேண்டும் என்ற விதிகளுக்கும், சேர்த்தே கையெழுத்துப் போடுகிறது. பட்டா இல்லாமல் புறம்போக்கில் இருப்பவருக்கு நிலத்துக்குப் பணம் கிடையாது. கட்டடத்துக்கும் போன பிழைப்புக்கும் உண்டு. வாடகைக்கு இருப்பவரும் கணக்கில் வருவார். ஆபீஸில் போய்க் கேட்டால் "புறம்போக்குதானே, உனக்கு ஒண்ணும் கிடையாது" என்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் சொல்கிறார்கள், அந்தத் திட்டத்தின் விதி அது இல்லை.

சிக்கல் எங்கே என்றால், யார் யாருக்கு என்ன போகிறது என்று பட்டியல் எழுத வரும் கணக்கெடுப்பு நாளில். அன்று யார் பெயர் ஏறுகிறதோ அவருக்குத்தான் எல்லாம், கட்-ஆஃப் தேதிக்கு (பட்டியலில் சேரக் குறித்த கடைசி நாளுக்கு)ப் பிறகு வந்தவருக்கு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பதினெட்டு வருஷமாக இட்லிக்கடை போட்டிருந்தார், கணக்கெடுக்க வந்த அன்று சாவு வீட்டுக்குப் போயிருந்தார், பூட்டிய கடை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் விஏஓவைப் பார், தாசில்தாரைப் பார், நெடுஞ்சாலை ஆபீஸுக்குப் போ, கணக்கெடுத்தது கன்சல்டன்ட், அவர் சென்னையில் இருக்கிறார் என்று ஏழு மாதம் அலையவிட்டார்கள். கடைசியில் அவரைக் காப்பாற்றியது பழைய கரண்ட் பில்லும், கடை வாசலில் பேரனை வைத்து எடுத்த ஒரு போட்டோவும்.

அதனால் சங்கிலியும் டேப்பும் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தாலே உஷாராகுங்கள். கடை முன் நின்று போட்டோ எடுங்கள், தேதியோடு. கரண்ட் பில், தொழில் வரி ரசீது, உணவுக் கடை பதிவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பட்டியலில் கட்டட உரிமையாளர் பெயர் மட்டும் ஏறி, கடை நடத்தும் நீங்கள் விடுபட்டிருக்கலாம், அதைக் கண்ணால் பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்றால் இப்போதே சரிசெய்யுங்கள், செக் வரும் நேரத்தில் இது ஒன்றை வைத்தே மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

மதிப்புப் போடுவதில் இன்னொரு தில்லுமுல்லு. கட்டடம் பழசு என்று தேய்மானம் கழிப்பார்கள். கழிக்கக் கூடாது. அதே மாதிரி புதிதாகக் கட்ட இன்று என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. எழுதாத தாளில் "சம்மதம்" என்று கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். பணம் கைக்கு வந்த பிறகுதான் இடிக்க வேண்டும், "இடிச்சிட்டுத் தர்றோம்" என்பது விதிமீறல்.

எந்தத் திட்டம், எந்த வங்கிக் கடன் என்று தெரியாவிட்டால் 10 ரூபாய்க்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மறுகுடியமர்வுத் திட்டத்தின் நகலையும், யாருக்கு என்ன தொகை என்ற அட்டவணையையும் அதிலேயே கேளுங்கள். அது கையில் இருந்தால் ஆபீஸில் பேச்சே வேறு.

மனு முதலில் திட்டத்தின் குறைதீர் குழுவுக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அங்கே நகரவில்லை என்றால் வங்கிக்கே எழுதலாம். நர்மதை அணைக்குக் கடன் கொடுத்து, இடம் இழந்த மக்களின் எதிர்ப்பில் பட்ட பாட்டுக்குப் பிறகு, இப்படிப்பட்ட புகார்களைப் பார்க்க 1993-ல் உலக வங்கி ஒரு ஆய்வுக் குழு வைத்தது. ஆசிய வளர்ச்சி வங்கியிலும் அப்படி ஒன்று உண்டு. குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். ஆசிய வளர்ச்சி வங்கியில் கடன் கணக்கு முடிந்து 2 வருஷம் ஆகிவிட்டால் கதவு சாத்தியாச்சு.

இந்தக் குழு காசு தராது, வங்கி தன் விதியை மீறியதா என்று மட்டும் பார்க்கும். ஆனாலும் மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் கடைக்காரர்கள் 2004-ல் எழுதிப்போட்ட புகாரால், 2006 மார்ச்சில் உலக வங்கி ரோடு வேலைக்கும் மறுகுடியமர்வுக்கும் பணம் விடுவதையே சில மாதம் நிறுத்தி வைத்தது. பணம் நின்றால் அதிகாரி ஓடி வருவார்.

எழுதும்போது காண்ட்ராக்டர் லஞ்சம் வாங்கினார், டெண்டரில் ஊழல் என்று கோபத்தையெல்லாம் கொட்டாதீர்கள். அதற்கு வேறு பிரிவு, உங்கள் மனுவை அங்கே தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். கடை எங்கே இருந்தது, எப்போதிலிருந்து, என்ன போனது, யாரிடம் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பது மட்டும் போதும்.