கிரீன்வாஷிங்: 'பசுமைச் சலவை' வேண்டாம்

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக 'பசுமைச் சலவை' கண்ணில் பட்டுவிட்டது, அதனால் எழுதியே விடுகிறேன். கிரீன்வாஷிங் என்பதற்கு இதைத்தான் போடுகிறார்கள், 'பசுமைக் கழுவல்' என்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

சூழலைக் கெடுத்துக்கொண்டே அதைக் காப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் கிரீன்வாஷிங். 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். பிஜித் தீவில் ஒரு விடுதி, பவளப்பாறைகளைக் காப்பாற்ற ஒரே துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று விருந்தினருக்கு அட்டை வைத்திருந்தது. அதே விடுதி இன்னொரு பக்கம் கட்டடத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தது. அவருடைய எரிச்சல் அங்கே தொடங்கியது.

சொல்லின் வார்ப்பு ஒயிட்வாஷ். அதாவது வெள்ளையடிப்பது. அங்கே வாஷ் என்பது கழுவுவதல்ல, மேலே ஏற்றும் மெல்லிய பூச்சு. எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கோடை முழுக்கப் பளிச்சென்று இருக்கும், ஐப்பசி மழை பிடித்ததும் அதே இடம் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். ஓதம் எங்கேயும் போயிருக்காது. சலவை என்றால் அழுக்குப் போக வேண்டும். அழுக்கை அப்படியே வைத்து மூடுவதற்குச் சலவை என்று பெயர் வைத்தால், கெடுத்தவருக்கு நாமே நற்சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். மூளைச்சலவை என்கிறோமே என்று கேட்பார்கள். அது சரியான சொல், சீன மொழியில் மூளையைக் கழுவுதல் என்றே பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, உள்ளே இருந்த எண்ணங்களை அகற்றுவதைச் சொல்வது. அதைப் பார்த்து இதையும் அப்படியே வைத்துவிட்டார்கள். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடுகிற மொழிபெயர்ப்பாளர்களால் வருகிற வினை இது, இன்னும் எத்தனை சொற்களில் இப்படி நடக்கிறதோ.

'பசுமை மோசடி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் பிஜி விடுதியின் அந்த அட்டையில் பொய் இல்லை. துண்டைத் தினமும் துவைக்காவிட்டால் தண்ணீர் மிச்சம்தான். சின்ன உண்மையை முன்னால் நிறுத்திப் பெரிய கேட்டை மறைத்ததுதான் குற்றம். 2015-ல் பிடிபட்ட வோக்ஸ்வாகன், 'சுத்தமான டீசல்' என்று விற்ற கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளையே வைத்திருந்தது, அது மோசடி. எல்லாவற்றையும் அப்படி அழைத்தால் இந்த வேறுபாடு போய்விடும்.

நம்மிடம் 'பூசி மெழுகுவது' இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? பச்சைப்பூச்சு என்று சொல்லலாம். பசுமை அல்ல, பச்சைதான். பசுமை என்றால் செழிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வரும், அதை யாராலும் பூச முடியாது. டப்பாவில் வாங்கிப் பூசுகிறது பச்சை. பச்சைப் பொய் என்ற வழக்கும் கூடவே காதில் விழும். 'பச்சை பூசுகிறார்கள்' என்று வினையாகவும் இயல்பாக வரும். 'பசுமைச் சலவை செய்கிறார்கள்' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

போன வாரம் ஜவுளிக் கடையில் ஒரு பச்சைப் பை கொடுத்தார்கள். மேலே இலைப் படம், கீழே 'இயற்கையின் தோழன்'. தொட்டால் துணி மாதிரியே இருந்தது. வீட்டில் ஓரத்தைக் கத்தரித்து நெருப்பில் காட்டினேன். பருத்தித் துணியென்றால் கருகிச் சாம்பலாகும், இது உருகிச் சுருண்டு சொட்டியது. பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். அடுத்த தடவை போனபோது பில் போடுகிற தம்பியிடம் "இது பச்சைப்பூச்சுப்பா" என்றேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, "ஆமாக்கா, உள்ள எல்லாம் பிளாஸ்டிக்தான்" என்றார்.