வரவேண்டிய பில் பணம்: 15 நாளா, 45 நாளா, 90 நாளா?

கோயம்புத்தூரில் லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர், திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட் நடத்துபவர், ஓசூரில் பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பவர், யாரிடம் பேசினாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்: சரக்கு போய்ச் சேர்ந்தாச்சு, பில்லும் கொடுத்தாச்சு, பார்ட்டி இன்னும் பணம் போடவில்லை. கூலி, கரண்ட் பில், வங்கித் தவணை எதுவும் அதற்காகக் காத்திருப்பதில்லை. இந்த நிலைக்காகவே 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் 15 முதல் 24 வரையிலான பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் நாள் கணக்கு. '45 நாள்' என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் வாங்குபவருக்கும் உங்களுக்கும் இடையே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள் மட்டுமே. ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதி செல்லும், ஆனால் அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஜூன் 1 அன்று சரக்கைக் கொடுத்தீர்கள், ஒப்பந்தம் இல்லை என்றால் ஜூன் 16-க்குள் பணம் வர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள் கிரெடிட்' என்று அடித்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தாலும்கூட ஜூலை 16-தான் கடைசி.

சரக்கில் குறை இருக்கிறது என்று மாதங்கள் கழித்துச் சொல்லி இழுப்பதும் நடக்கிறது. குறை இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கி வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாள் கணக்கு முழுவதும் அந்தத் தாளில் இருந்துதான் ஓடுகிறது.

கெடு தாண்டினால் வட்டி. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். 1 லட்சம் ரூபாய் பாக்கி ஆறு மாதம் நின்றால் சுமார் 9,300 ரூபாய் வட்டி சேரும். 'தாமதத்துக்கு வட்டி கிடையாது' என்று ஆர்டரில் எழுதியிருந்தாலும் இந்த வட்டியிலிருந்து தப்ப முடியாது.

சரி, இதெல்லாம் யாருக்கு? உத்யம் என்ற மத்திய அரசின் இணையப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் 2021-இல் வந்த உத்தரவுப்படி அது வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தரும் கடனுக்கு மட்டுமே உதவும். பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்களில் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு பதிவு செய்து, பழைய ஆர்டருக்கு உரிமை கேட்டவர்களுக்கு அது கிடைக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிட்டால் 'நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது' என்ற பேச்சுக்கும் இடம் இருக்காது.

புகார் கொடுக்கப் பலரும் தயங்குவது எனக்குப் புரிகிறது. இருக்கும் ஒரு பெரிய பார்ட்டியும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி வருமான வரி. 2023 நிதிச் சட்டம், 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல், மார்ச் 31 தாண்டியும் பாக்கி வைத்தால், அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். 10 லட்சம் பாக்கி வைத்த கம்பெனிக்கு அந்த ஆண்டு 10 லட்சம் கூடுதல் வருமானமாகி வரி விழும். எனவே பிப்ரவரியிலேயே அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு உத்யம் சான்றிதழ், பாக்கிப் பட்டியலோடு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். சண்டை போட்ட மாதிரியும் இருக்காது, அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்லுவார்.

அதற்கும் அசையவில்லை என்றால் இத்தகைய பாக்கிப் புகார்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் உத்யம் எண், ஆர்டர், பில் விவரங்களோடு மனு போடலாம். அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை மட்டுமல்லாமல் கோவை, திருச்சி, மதுரையிலும் மன்றம் இருக்கிறது. வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊருக்கான மன்றமே விசாரிக்கலாம், நீங்கள் அங்கே அலைய வேண்டாம். முதலில் சமரசப் பேச்சு, அது முடியாவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகிறது, அதற்கும் தயாராக இருங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, எதிர்த் தரப்பு அதை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

மனு போடத் தெரியாதவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். போகும்போது ஆர்டர், பில், கையெழுத்துள்ள சலான், இதுவரை வந்த பணத்துக்கான வங்கி அறிக்கை, பாக்கி கேட்டு அனுப்பிய கடிதம் அல்லது வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.