மக்பெத்துக்கு இருந்தது பேராசையா?

திரை விலகும் முன்பே அறிவிப்பாளர் சொல்லிவிட்டார்: “பேராசை பெருநஷ்டம் என்பதை விளக்கும் ஷேக்ஸ்பியரின் மக்பெத்!” அரசனைக் கொன்று அரியணை ஏறும் ஒரு ஸ்காட்லாந்துத் தளபதியின் கதை; கல்லூரி மாணவர்கள் போட்ட நாடகம். நன்றாகவே போட்டார்கள். ஆனால் இந்த நாடகத்தோடு இந்தச் சொல்லை ஒட்டவைத்து நான் கேட்பது இந்த வருடத்தில் மூன்றாவது தடவை. முதலில் ஒரு விளக்கக் காணொளி, அப்புறம் ஒரு தேர்வு வழிகாட்டி, இப்போது மேடை. நாடகம் முடிந்ததும் இயக்கிய மாணவரிடம் போய், “தம்பி, அந்தப் பேராசையை மட்டும் எடுத்துடலாமே” என்றேன். “இல்லைங்க ஐயா, பேராசைன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் புரியும்” என்றார். புரியும், சரி. என்ன புரியும்?

பேராசை என்று பெயர்க்கப்படும் மூலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஆம்பிஷன்’. லத்தீனில் ‘ஆம்பி’ என்றால் சுற்றி, ‘ஈரே’ என்றால் போதல். பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர், சுண்ணம் தேய்த்து வெளுத்த மேலாடையை உடுத்திக்கொண்டு, கண்ட இடத்தில் கண்டவரின் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்டுச் சுற்றி வருவார். அந்தச் சுற்றலுக்கு ‘ஆம்பிஷியோ’ என்று பெயர். அதில் காசு புழங்கத் தொடங்கியதும் ‘ஆம்பிடஸ்’ என்று ஒரு குற்றத்துக்கே பெயர் வைத்துச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள். (நம் ஊர் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.) பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பதவி, புகழ், உயர்வு இவற்றின் மேல் தணியாத நாட்டம் என்று பொருள் கொண்டது. பிறந்த நாளிலிருந்தே இந்தச் சொல்லின் கண் நாற்காலி மேல்தான்.

பேராசையின் கண் எங்கே? பொன்முட்டை வாத்தின் வயிற்றைக் கிழித்தவனுக்கு இருந்தது பேராசை. பத்து வட்டிக்கு மயங்கிச் சீட்டுக் கம்பெனியில் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தவனுக்கு இருந்தது பேராசை. ஒன்று கிடைத்தால் பத்து, பத்து கிடைத்தால் நூறு என்று அகலத்தில் பெருகிக்கொண்டே போவது அது. “அகிலமெல்லாம் கட்டி ஆளினும் கடல்மீதிலே ஆணை செலவே நினைவர்” என்று தாயுமானவர் பாடியது இதைத்தான். அவரும் அரசாட்சியைத்தானே சொல்கிறார் என்று யாராவது கேட்கலாம். ஆனால் அவர் சொல்லும் ஆள், நிலம் போதாதென்று கடலையும் கேட்கிறான். மக்பெத் அப்படியா? ஸ்காட்லாந்து கிடைத்ததும் அவன் அடுத்த நாட்டைக் கேட்கவில்லை. அவன் கண் ஒரே ஒரு இருக்கை மேல். கிடைத்தபின் அவன் கேட்பதெல்லாம் பயமில்லாத ஒரு சாப்பாடும் கெட்ட கனவில்லாத தூக்கமும்தான். நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்ட கையோடு, “விதி என்னை அரசனாக்க நினைத்தால், நான் அசையாமலே அது முடி சூட்டட்டுமே” என்றுகூட ஒரு கணம் நினைக்கிறான். பேராசைக்காரன் இப்படி யோசிப்பானா?

இதைவிடப் பெரிய சான்று அவன் மனைவியின் வாயில் இருக்கிறது. முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. கணவனின் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அவனை எடை போடுகிறாள். ‘உனக்கு ஆம்பிஷன் இல்லாமல் இல்லை, அதோடு சேர்ந்து வரவேண்டிய பொல்லாத்தனம்தான் உன்னிடம் இல்லை’ என்பது அவள் கணக்கு. அந்த இடத்தில் பேராசையை வைத்துப் பாருங்கள்: “உனக்குப் பேராசை உண்டு, ஆனால் கெட்ட குணம் இல்லை.” என்ன பேச்சு இது? தமிழில் பேராசை என்று சொல்லும்போதே கெட்ட குணம் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அவளுடைய பேச்சிலோ இரண்டும் தனித்தனி. ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை, அதை நான் அவன் காதில் ஊற்றுகிறேன் என்கிறாள். நாடகம் முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அதை ஒரே சொல்லால் அடைத்துவிட்டால் அவளுக்கு அங்கே வேலையே இல்லை.

எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் ஆம்பிஷனுக்கு நல்ல பெயர் இல்லை; எட்டாம் ஹென்றி நாடகத்தில் பதவியிழந்து வீழ்ந்துபோன கார்டினல் உல்சி, வானதூதர்களே அந்தப் பாவத்தால்தான் விழுந்தார்கள் என்று தன் உதவியாளர் கிராம்வெல்லுக்குப் புத்தி சொல்கிறார். ஜூலியஸ் சீசரில் புரூட்டஸ், சீசருக்கு அது இருந்ததால் கொன்றேன் என்கிறான். அதை மறுக்க சீசரின் நண்பன் ஆன்டனி எடுத்துவைக்கும் முதல் சான்றோ பணம்: சீசர் பிடித்து வந்த கைதிகளின் மீட்புத்தொகை பொதுக் கருவூலத்துக்குப் போனதே, இதுவா அது? இந்த இடத்தில் பேராசை கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்டனி சாமர்த்தியக்காரன். பதவி நாட்டம் என்ற குற்றச்சாட்டுக்குப் பண விஷயத்தில் பதில் சொல்கிறான், கூட்டமும் கவனிக்கவில்லை. அடுத்த சான்றிலேயே, ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதார், ஆம்பிஷன் என்றால் இன்னும் கடினமான சரக்கில் செய்திருக்க வேண்டாமா என்கிறான். மூன்றாவது, மும்முறை நீட்டிய முடியை மும்முறையும் மறுத்தது. பேராசை என்று மொழிபெயர்த்தால் முதல் சான்று மட்டும் தேறும், மற்ற இரண்டும் தொங்கும். அவன் செய்த தில்லுமுல்லும் தமிழ் வாசகன் கண்ணில் படாது.

தூய தமிழ் நண்பர்கள் சிலர் ‘பேரவா’ என்கிறார்கள். எனக்கு வடசொல்லோடு பகை இல்லை, தமிழ்ச் சொல்லின் மேல் பாசம் உண்டு. ஆனாலும் இது பேராசைக்கு வேட்டி மாற்றிக் கட்டியதுபோலத்தான். அவாவைக் கேட்டதும் திருக்குறளின் 37ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். அங்கே அது அறுக்கப்பட வேண்டிய பொருள், பிறவிக்கு வித்து. கொலைகாரத் தளபதியை அந்தத் துறவு வாசத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.

மறுகரையில் ‘இலட்சியம்’. பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளை, கலெக்டர் ஆவதே என் இலட்சியம் என்று பேட்டி கொடுக்கும். அது வெள்ளைச் சொல், ரத்தம் பட்டால் தாங்காது. தவிர, இலட்சியமும் குறிக்கோளும் வெளியே நிற்கும் இலக்கைக் குறிப்பவை. மக்பெத்துக்கு இலக்கு கிரீடம்; நாம் பெயர் தேடுவது அவன் உள்ளே எரிவதற்கு. (இலட்சியமும் அலட்சியமும் ஒரே வேரில் வந்தவை என்பதை எத்தனை பேர் லட்சியம் செய்கிறார்கள்!)

‘பதவி வெறி’ என்பாரும் உண்டு. செய்தித்தாளுக்கு அது சரி. இந்த நாடகத்துக்கு அது செய்யும் கெடுதல் வேறு. வெறி என்று முதல் அங்கத்திலேயே சொல்லிவிட்டால் ஐந்தாம் அங்கத்துக்கு என்ன மிச்சம்? சித்தம் கலங்குவது கொலைக்குப் பிறகு வருவது. கையில் மெழுகுவத்தி விளக்கோடு தூக்கத்தில் நடந்து வரும் மக்பெத்தின் மனைவி, இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். கால் மணி நேரம் இப்படியே தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். மருத்துவரோ, இவளுக்கு வைத்தியரைவிடச் சாமியார்தான் தேவை என்று கையை விரித்துவிடுகிறார். நாட்டம், கொலை, குற்றவுணர்வு, பித்து என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறவேண்டிய படிகள் இவை. முதல் படிக்கே கடைசிப் படியின் பெயரை வைக்கலாமா?

என் கட்சி ‘வேட்கை’. நீர்வேட்கை என்றால் தாகம். சங்கப் பாட்டில் காதலுக்கும் வரும், இன்று அறிவு வேட்கை, விடுதலை வேட்கை, அதிகார வேட்கை எல்லாவற்றுக்கும் வருகிறது. நல்லது கெட்டது என்று தானாகத் தீர்ப்புச் சொல்லாது, முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து நிறம் மாறும். நமக்கு வேண்டியதும் அதுதான். ‘உயர்வேட்கை’ என்று ஒரு காலம் நானே எழுதிவந்தேன். வினைத்தொகை, உயர்ந்த உயர்கின்ற உயரும் வேட்கை என்று மூன்று காலத்தையும் பிடிக்கிறதே என்று பெருமை வேறு. உயர்கல்வி, உயர்நீதிமன்றம் மாதிரி உன்னதமான வேட்கை என்று ஒரு நண்பர் படித்துக் காட்டியதும் விட்டுவிட்டேன். இப்போது கட்டுரையில் ‘உயர்வு வேட்கை’, மக்பெத் மேடையில் ‘அரியணை வேட்கை’. மக்பெத் மனைவியின் அந்தப் பேச்சில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: “அரியணை வேட்கை உனக்கு இல்லாமல் இல்லை. அதற்குத் துணை நிற்கும் பொல்லாத்தனம்தான் இல்லை.” நாக்கில் தடுக்கவில்லை.

இன்னொரு வரி இருக்கிறது, எல்லாரும் கெடுப்பது. அரசன் டங்கனைக் கொல்வதா வேண்டாமா என்று தனியே நின்று மறுகும் மக்பெத், தன் எண்ணத்தின் விலாவில் குத்தி ஓட்டக் குதிமுள் ஏதும் தன்னிடம் இல்லை, குதிரை மேல் தாவி ஏறப் பார்த்து அளவுக்கு மீறித் தாவிவிடும் வேட்கை மட்டும்தான் இருக்கிறது என்கிறான். தாவி, சேணத்தில் உட்காராமல், அந்தப் பக்கம் போய் விழும் வேட்கை. இதைக்கூட ‘மிதமிஞ்சிய பேராசை’ என்று எழுதி, குதிரையையே லாயத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம், 1623இல் அச்சான பழைய பதிப்பில், ‘மறுபக்கம்’ என்று சொல்லவந்தவன் ‘மறு’ என்பதோடு நிற்கிறான். ‘பக்கம்’ என்ற சொல் அங்கே இல்லை. அதற்குள் மனைவி உள்ளே வந்துவிடுகிறாள், என்ன செய்தி என்று கேட்கிறான். தமிழில் பெயர்ப்பவர் தயவுசெய்து அந்த வாக்கியத்தை முடித்துவைக்க வேண்டாம்.