தாரில் புதைந்த எலும்பு, பிழைத்த கழுகு

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள் லா பிரேயா என்ற இடத்தில் நிலத்தடி எண்ணெய் இன்றும் தாராகக் கசிகிறது. சில அங்குல ஆழமே ஒரு குதிரையின் காலைப் பிடித்துக்கொள்ளப் போதும். சிக்கியதைத் தின்ன வந்த ஓநாய்களும் கழுகுகளும் அதிலேயே மாட்டின. 1977இல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் கத்திப்பல் பூனைதான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். ஆனால் உயிரினப் பாதுகாப்பைச் சொல்லித்தர அதைவிட உதவுவது கலிபோர்னியக் காண்டார் கழுகின் எலும்பு. அந்தப் பறவை இன்னும் உயிரோடு இருக்கிறதே!

அதே குழிகளில் காண்டாரைவிடப் பெரிய டெராட்டார்ன் பறவையும் கிடைக்கிறது. பனியுக முடிவில் அது அழிந்தது, காண்டார் தப்பியது. காரணம் எலும்பின் கொலாஜன் புரதத்தில் பதிந்திருக்கிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 பங்கு கூடும். கடலில் படிகள் அதிகம் என்பதால், சீல், கடற்சிங்கம் தின்ற பறவையின் எலும்பில் அது தூக்கலாக இருக்கும். 2006இல் வெளியான ஆய்வு, காண்டார் நில விலங்கோடு கடல் விலங்கையும் தின்றதையும் டெராட்டார்ன் நிலத்தையே நம்பியிருந்ததையும் காட்டியது. மாமூத்தும் காட்டுக்குதிரையும் மறைந்தபின் காண்டாருக்குக் கரையொதுங்கிய உடல்கள் மிஞ்சின.

இந்த அளவீட்டில் தாரே பெரும் தொல்லை. தார் பழைய பெட்ரோலியம். எலும்பின் வயதைக் கணிக்க உதவும், காலப்போக்கில் குறைந்துபோகும் கார்பன்-14 அதில் இல்லை. துளி ஒட்டியிருந்தாலும் எலும்பின் வயது உண்மையைவிடக் கூடிவிடும். அதனால் முதலில் கரைப்பான்களால் திரும்பத் திரும்பக் கழுவி, பிறகு அமிலத்தில் தாதுவைக் கரைத்துக் கொலாஜனை மட்டும் பிரிக்கிறார்கள். கடைசியில் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதத்தைப் பார்ப்பார்கள். 2.9 முதல் 3.6 வரை இருந்தால் நல்ல கொலாஜன். மேலே போனால் தார் மிச்சமிருக்கிறது என்ற சந்தேகம் வரும். முடிவை நம்ப முடியாது.

பார்வையாளர் கையில் மூல எலும்பைத் தரக்கூடாது, வார்ப்பு நகல் போதும். எலும்பின் துளைகளை முதலில் அசிட்டோனில் கரையும் பிசினால் அடைக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் அச்செடுக்க ஊற்றும் சிலிகோன் உள்ளே புகுந்து, அச்சைப் பிரிக்கும்போது மெல்லிய ஓடுகளைப் பெயர்த்துவிடும், எண்ணெய்க்கறையும் தங்கிவிடும். காண்டார், டெராட்டார்ன் இரண்டின் மண்டையோட்டு நகலையும் ஒரே மேசையில் வைப்பது நல்லது. தொட்டுப் பார்ப்பவர் கேள்வி கேட்காமல் நகரமாட்டார்.

“அழிவது இயற்கைதானே?” என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. “பனியுகத்தில் அழிந்தவை” என்று மட்டும் பலகை வைத்தால் அந்த எண்ணம் உறுதிப்பட்டுவிடும். பலகையில் எண்களையும் எழுத வேண்டும்: பனியுகப் பேரழிவைத் தாண்டிய இதே காண்டார் 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கியது, 1987இல் மொத்தமிருந்த 27ஐயும் கூண்டில் வைத்துத்தான் இனம் பெருக்க முடிந்தது. 1992 முதல் காட்டில் விடப்படுகின்றன. காண்டார் 6 வயதளவில்தான் இனப்பெருக்கம் தொடங்கும், ஒரு முறைக்கு ஒரே முட்டை. சில பறவைகள் கூடுதலாகச் செத்தாலே கணக்கு சரிந்துவிடும்.

இன்று அவற்றை அதிகம் கொல்வது ஈயம். ஈயத்தோட்டா மானுக்குள் நுண்துகள்களாகச் சிதறும்; வேட்டைக்காரர் விட்டுப்போன குடலோடு கழுகு அதையும் விழுங்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத்தோட்டா கூடாது. செம்புத்தோட்டா பெரும்பாலும் சிதறாது. இரண்டாலும் சுடப்பட்ட மான்களின் எக்ஸ்ரே படங்களை மண்டையோட்டு நகலுக்குப் பக்கத்தில் மாட்டினால், வெள்ளைப் புள்ளிகள் எந்தப் படத்தில் என்று குழந்தைகூட எண்ணிவிடும்.