சிக்னல் கோடு முழுக்க நிற்கிறது, வேகம் ஏன் வரவில்லை?

வன்னியில் ஏ9 வீதியை விட்டு உள்ளுக்குத் திரும்பினால், வீட்டு இன்டர்நெட் என்பது பெரும்பாலும் ஒரு 4ஜி ரவுட்டர்தான். டவர் தூரம், நடுவில் காடு, வீட்டுக்குத் தகரக் கூரை. அதனால் கூரைக்கு மேல் குழாய் நட்டு அன்டெனா பூட்டுகிற வேலை இங்கே நன்றாக ஓடுகிறது. நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான், விசுவமடு என்று போகிற இடமெல்லாம் ஒரே முறைப்பாடு: “அண்ணை, சிக்னல் கோடு முழுக்க நிக்குது. ஆனா பிள்ளையின்ர சூம் வகுப்பு விட்டு விட்டுத்தான் வருது.” காசு செலவழித்து அன்டெனா போட்ட பிறகு வருகிற முறைப்பாடு இது.

உங்கள் ரவுட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளி அன்டெனா பூட்டக்கூடிய ரவுட்டர் என்றால் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று உதிரிக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டவர் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு வெவ்வேறு தரவு ஓடைகளை அனுப்பக்கூடியது. இரண்டையும் பிரித்தெடுக்க இந்தப் பக்கத்திலும் இரண்டு அன்டெனா வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் ‘கேட் 4’ வகை 4ஜி ரவுட்டரின் பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருக்கும். அது 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் இரண்டு ஓடையும் சேர்ந்த கணக்கு. ஒரு ஓடை மட்டும் வந்தால் உச்சமே 75. நடைமுறையில் இந்த இரண்டு எண்ணையும் யாரும் காண்பதில்லை, அது வேறு கதை. ஆனால் கிடைக்கிறதிலும் பாதி போய்விடும்.

இந்த முறைக்குப் பெயர் மைமோ. இதன் தொடக்கத்தில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பிறகு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ். ஒரே அலைவரிசையில் பல ஓடைகளை அனுப்பிப் பிரிக்கலாம் என்ற யோசனைக்கு அவரும் அங்கே பேராசிரியராக இருந்த தோமஸ் கைலாத்தும் 1992 இல் காப்புரிமை கேட்டார்கள், 1994 இல் கிடைத்தது. 2014 இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கொடுத்தார்கள்.

சரி, எப்படிப் பிரிக்கிறது? க.பொ.த. சாதாரண தரத்தில் படித்த ஒருங்கமை சமன்பாடுதான். டவர் x, y என்ற இரண்டு எண்களை ஒன்றாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அன்டெனா ஒவ்வொன்றுக்கும் இரண்டும் கலந்துதான் வந்து சேரும். எந்த அளவில் கலந்தது என்பது ரவுட்டருக்குத் தெரியும். ஏனென்றால் டவரின் ஒவ்வொரு அன்டெனாவும் இடைக்கிடை, முன்கூட்டியே தெரிந்த அடையாளக் குறிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தெரியாதவை இரண்டு, சமன்பாடு இரண்டு. தீர்க்க வேண்டியதுதான்.

உண்மையில் அனுப்பியது x = 4, y = 6 என்க. ஒரு வீட்டில் முதலாவது அன்டெனாவுக்கு x + y = 10 என்று வருகிறது, இரண்டாவதுக்கு x − y = −2 என்று வருகிறது. இரைச்சல் சேர்ந்து இரண்டாவது எண் −2.2 ஆகிவிட்டது. தீர்த்துப் பாருங்கள்: x = 3.9, y = 6.1. பரவாயில்லை, கிட்டத்தட்டச் சரிதான். இன்னொரு வீட்டில் முதலாவதுக்கு x + y = 10. இரண்டாவதுக்கு x + 0.9y, அதாவது 9.4 வர வேண்டும். அதே 0.2 இரைச்சல் சேர்ந்து 9.2 ஆக வருகிறது. இப்போது தீர்த்தால் y = 8, x = 2. எல்லாம் பிழை. இரைச்சல் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். இரண்டாவது வீட்டில் சமன்பாடுகள் ஒன்றின் நகல் போல மற்றது இருப்பதால், அந்தச் சின்ன இரைச்சல் பத்து மடங்காகி விடையில் ஏறிவிட்டது.

இப்படி நேரடியாகத் தீர்ப்பதை எங்கள் துறையில் ஸீரோ போர்சிங் என்பார்கள். அதைவிடக் கொஞ்சம் புத்தியானது எம்எம்எஸ்இ முறை. இரைச்சல் எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்து, ஓடைகளை முற்றாகப் பிரிக்க அடம்பிடிக்காமல் சமரசம் செய்யும். இன்னொரு வழி, வலுவான ஓடையை முதலில் கண்டுபிடித்து, அதை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மற்றதைத் தேடுவது. பெல் ஆய்வுகூடத்தில் ஜெராட் பொஷினியும் கூட்டாளிகளும் 1990களில் செய்து காட்டிய வீ-பிளாஸ்ட் இந்த வகை. முதல் விடை பிழைத்தால் அடுத்ததும் பிழைக்கும் என்பது அதன் பலவீனம்.

எல்லாவற்றிலும் திறமானது, சாத்தியமான அத்தனை சோடியையும் போட்டுப் பார்த்து, வந்ததோடு அதிகம் பொருந்துவதை எடுப்பது. அனுப்பும் ஒவ்வொரு எண்ணும், அதாவது குறியும், சாத்தியமான 64 புள்ளிகளில் ஒன்று என்றால், இரண்டு ஓடைக்கு 4,096 சோடி. நான்கு ஓடை என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டும். இதை ஒவ்வொரு குறிக்கும் செய்ய எந்தச் சிப்புக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஸ்பியர் டிகோடிங் என்று ஒரு வழி. மாடு தொலைத்தவன் காடு முழுக்கத் திரியமாட்டான், கடைசியாகக் கண்ட இடத்தைச் சுற்றித்தான் முதலில் தேடுவான். அதுபோல வந்து சேர்ந்த புள்ளியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் மட்டும் தேடுவது. யாழ். பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், மேலே சொன்ன இரண்டு வீட்டையும் மட்லாப் மென்பொருளில் போட்டு இந்த முறைகளையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். நல்ல வீட்டில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் வராது. கெட்ட வீட்டில்தான் முறையின் தரம் தெரியும். அங்கேயும் எந்த முறையும் அன்டெனா பூட்டினவரின் பிழையை முழுசாகத் திருத்தாது.

அந்த இரண்டாவது வீடு நான் கற்பனை செய்த வீடு இல்லை. டவரில் இருக்கும் அன்டெனாக்கள் பொதுவாக ஒன்று இடப்பக்கம் 45 பாகை, மற்றது வலப்பக்கம் 45 பாகை சரிந்த முனைவாக்கம் (அலை அதிரும் திசை) உள்ளவை. x ஒரு சரிவில் வரும், y மற்றச் சரிவில் வரும். நீங்கள் கூரையில் மீன்முள் மாதிரியான இரண்டு யாகி அன்டெனாவையும் முட்கள் மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கிறபடி பூட்டினால், இரண்டுமே x ஐயும் y ஐயும் ஒரே அளவில் கலந்து வாங்கும். அதாவது x + y, மறுபடியும் x + y. ஒன்றை நிமிர்த்தி மற்றதைப் படுக்கவைத்தால் x + y, x − y. முதலாவது வீடு வந்துவிட்டது! இரண்டையும் பெருக்கல் குறி மாதிரிச் சரித்துப் பூட்டினால் இன்னும் நேர்த்தி, ஒன்று பெரும்பாலும் x ஐயும் மற்றது பெரும்பாலும் y ஐயும் வாங்கும்.

கொழும்பில் இதையெல்லாம் பார்க்காமல் பூட்டினாலும் ஓரளவு ஓடும். அங்கே அலை பத்துக் கட்டடத்தில் பட்டுத் தெறித்துப் பல திசையால் வரும், ஒவ்வொரு அன்டெனாவுக்கும் வெவ்வேறு கலவை தானாகவே கிடைக்கும். இங்கே அப்படியில்லை. இரணைமடுவுக்குக் கீழே வயல்வெளி, தட்டையான நிலம், உயரமான கட்டடமே இல்லை. டவரிலிருந்து நேர்க்கோட்டில் ஒரு கதிர்தான் கூரைக்கு வந்து சேருகிறது. சிக்னல் வலு பிரமாதமாக இருக்கும், கோடு முழுக்க நிற்கும், ஆனால் இரண்டு அன்டெனாவுக்கும் ஒரே கலவை. திறந்த வெளியில் சிக்னல் நன்றாக உள்ள வீட்டில்தான் இந்தக் கோளாறு அதிகம் அகப்படுகிறது. எங்கள் நிலத்தில் இரண்டு ஓடைகளையும் பிரித்துத் தரக்கூடிய ஒரே பெரிய வித்தியாசம் முனைவாக்கம்தான். அதையும் நிமிர்த்திப் பூட்டிக் கெடுத்துவிடக் கூடாது.

ரவுட்டருக்கு இது தெரியும். இரண்டு ஓடையைப் பிரிக்க முடியவில்லை என்றால் ‘எனக்கு ஒன்று போதும்’ என்று டவருக்கு அறிவித்துவிடும். நிலைமை இன்னும் மோசமானால் டவர் வேறொரு வேலை செய்கிறது. அதுதான் 1998 இல் சியாவாஷ் அலமுத்தி என்ற பொறியியலாளர் எழுதிக் காட்டிய குறியீடு. முதல் தடவை ஒரு அன்டெனாவால் x, மற்றதால் y. அடுத்த தடவை இடம் மாற்றி, ஒன்றின் கூட்டல் குறியைக் கழித்தலாகத் திருப்பி, −y, x என்று அனுப்புவது. உண்மையில் அவை சிக்கலெண்கள், அவற்றின் இணைச் சிக்கலெண்ணையும் எடுக்க வேண்டும், அதை விடுவோம். இரண்டு எண்ணுக்கு இரண்டு தடவை ஆகிறது, எனவே வேகம் கூடாது. ஆனால் சமன்பாடுகள் எப்போதுமே ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும். வாங்குகிற பக்கம் ஒரே ஒரு அன்டெனா இருந்தாலும், இரைச்சல் பெருகாமல் கூட்டல் பெருக்கலோடு பிரித்துவிடலாம். ஒரு பாதை மங்கினாலும் மற்றது கைகொடுக்கும். 4ஜி இதைத் தடவைக்குப் பதிலாகப் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் செய்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் காட்டுக்குள்ளே மெலிந்த சிக்னலில் ஒரு வட்ஸ்அப் செய்தி போய்ச் சேர்கிறதென்றால் இந்த மாதிரி வேலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கணக்கு இதுதான். இதற்கு மேலே பிழை திருத்தும் டர்போ குறியீடு ஒன்று இருக்கிறது, 5ஜியில் அந்த இடத்துக்கு எல்டிபிசி என்ற இன்னொரு குறியீடு வந்துவிட்டது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனிக் கடைக்குப் போகிற விஷயம். அன்டெனா வாங்கும்போது கேபிள் எத்தனை என்று கேளுங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு முனைவாக்கமும் உள்ள பனல் அன்டெனாவுக்கு இரண்டு கேபிள் வரும், அதுதான் வேண்டும். ஒரு கேபிள் அன்டெனாவை ஒரு துளையில் மாட்டிவிட்டு மற்றதை வெறுமனே விட்டால், சில ரவுட்டர்கள் இரண்டு துளையையும் வெளி அன்டெனாவுக்கு மாற்றிவிடும். பிறகு உள்ளே இருக்கிற இரண்டாவது அன்டெனாவும் வேலை செய்யாது, முன்பு கிடைத்த வேகமும் போகும். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு துளைக்கும் கொடுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது x + y ஐ இரண்டு தரம் கொடுப்பது, அவ்வளவுதான்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீற்றர் ஓடினால், 1800 மெகாஹேர்ட்ஸில் வாங்கிய வலுவில் அரைவாசிக்கும் மேல் வழியிலேயே போய்விடும். இரண்டு கேபிளும் ஒரே வகையாக, ஏறத்தாழ ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்று மெலிந்தால் அந்த ஓடை படுத்துவிடும். மூட்டுகளில் இரப்பர் நாடா சுற்றாமல் விட்டால் முதல் மாரியிலேயே தண்ணீர் இறங்கும்.

பூஸ்டர் என்று விற்கிறார்களே, அது கோடுகளைக் கட்டாயம் கூட்டும். வெளியே ஒரு அன்டெனா, ஒரு கேபிள், உள்ளே ஒரு அன்டெனா: இரண்டு ஓடையும் ஒரே குழாய்க்குள் கலந்து வந்து ஒரே இடத்தில் திரும்ப ஒலிபரப்பாகும். பிரிக்க வழியே இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் அதைப் பூட்டுவது சட்டப்படியும் சிக்கல், பக்கத்து வீட்டாரின் சிக்னலையும் குழப்பும்.

பூட்டி முடிந்ததும் கோட்டைப் பார்க்காதீர்கள். உலாவியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், ஆர்எஸ்ஆர்பி என்றும் எஸ்ஐஎன்ஆர் என்றும் இரண்டு எண் இருக்கும். முதலாவது வலு, −80 நல்லது, −110 மெலிவு. இரண்டாவது இரைச்சலோடு ஒப்பிட்ட தரம், 20 இற்குக் கிட்ட நின்றால் சந்தோஷம், 0 என்றால் இரண்டு ஓடையை மறந்துவிட வேண்டியதுதான். சில ரவுட்டர்கள் ரேங்க் என்று ஓடைகளின் எண்ணிக்கையையே காட்டும். எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தும் ரேங்க் 1 ஐ விட்டு ஏறவில்லை என்றால் கூரைக்கு ஏறி அன்டெனாவின் சரிவைப் பாருங்கள். ஒரு அன்டெனாவைத் திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். இதைக் காலையில் செய்யுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஊரே டவரில் தொங்கிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வேகம் குறைவதற்கு அன்டெனா பொறுப்பில்லை.