ரிப்போர்ட்ல அந்த ஒரு நம்பர் மட்டும் எப்படி சிவப்பாகுது?

ரிப்போர்ட்ல நூத்துக்கணக்கான வரி, அதுல மைனஸ்ல போன தொகை மட்டும் பளிச்சுனு சிவப்புல நிக்குது. ரிப்போர்ட்டை வடிவமைக்கற சாஃப்ட்வேரான டிசைனர்ல நாம வரைஞ்சது ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தான், டேட்டால எத்தனை வரி இருக்கோ அத்தனை தடவை அதுவே திரும்பத் திரும்ப அச்சாகுது. அப்போ ஒரே பாக்ஸ் இங்க கருப்பு அங்க சிவப்புனு எப்படி மாறும்?

மவுசால இழுத்துப் போட்டு டிசைன் பண்ணாலும் பின்னாடி சேவ் ஆகுறது ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதாவது < > குறிக்குள்ள பேர் எழுதுற டேக்குகளால ஆன டெக்ஸ்ட் ஃபைல். ரிப்போர்ட் தயாரிக்கற சாஃப்ட்வேர்கள்ல ஒண்ணான ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸ்ல அது ஜேஆர்எக்ஸ்எம்எல், மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்ல ஆர்டிஎல். ஒவ்வொரு பாக்ஸும் அதுல ஒரு டேக், இடம், அகலம், ஃபாண்ட், கலர் எல்லாம் அந்த டேக்கைச் சேர்ந்த ப்ராப்பர்ட்டி. சாதாரணமா கலர் எழுதுற இடத்துல கருப்புனு நேரா ஒரு மதிப்பு இருக்கும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது நிபந்தனையைப் பொறுத்து தோற்றத்தை மாத்துறது, போட்டா அந்த இடத்துல ஒரு கேள்வி உட்கார்ந்துடும், "இந்த வரியோட தொகை பூஜ்யத்தை விட குறைவா?"னு.

ஆர்டிஎல்ல ஈக்குவல் குறியில ஆரம்பிச்சா அது எக்ஸ்பிரஷன், அதாவது கணக்குப் பண்ணி பதில் எடுக்கற வாக்கியம், அதை ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் தனித்தனியா எழுதணும், கலருக்கு ஒண்ணு, போல்டுக்கு ஒண்ணு. ஜாஸ்பர்ல ஒரு ஸ்டைலுக்குள்ள, அதாவது பேர் வெச்ச தோற்றத் தொகுப்புக்குள்ள, கண்டிஷனல் ஸ்டைல்னு வைக்கலாம், கேள்விக்கு ஆமாம்னு பதில் வந்தா கலர், போல்டு, பார்டர் எல்லாம் மொத்தமா மாறும். எனக்கு இந்த ரெண்டாவது வழிதான் பிடிக்கும், ஏன்னா கருப்பு வெள்ளை பிரின்ட்ல சிவப்பு வெறும் சாம்பலா போயிடும், நிறக்குறைபாடு இருக்கறவங்களுக்கும் கலர் மட்டும் போதாது, கூடவே போல்டும் சேர்க்குறது இதுல ரொம்ப சுலபம். ஒரே நேரத்துல ரெண்டு கண்டிஷன் சரியா வந்தா ஜாஸ்பர் ரெண்டையும் வரிசையா ஒண்ணு மேல ஒண்ணு போடும், பின்னாடி வர்றதுதான் ஜெயிக்கும். அதனால 1000க்கு மேலங்கிற விதி முதல்லயும் 10000க்கு மேலங்கிறது அதுக்கு அப்புறமும் இருக்கணும், மாத்தி வெச்சா பெரிய தொகைக்கும் சின்னதோட கலர்தான் வரும்.

இதுல பலரும் கவனிக்காத விஷயம், அந்தக் கேள்வி எப்போ கேட்கப்படுதுங்கிறது. ஜாஸ்பர்ல முதல்ல கம்பைல், அதாவது டிசைனை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாத்துறது, அப்புறம் டேட்டாவை நிரப்புறது, கடைசில பிடிஎஃப்பாவோ எக்செல்லாவோ எக்ஸ்போர்ட். நடுவுல நிரப்புறப்பதான் வரி வரியா படிச்சு, அந்த நொடில கையில இருக்கற மதிப்பை வெச்சு பதில் சொல்லும். "மொத்தத்துல 10 சதவீதத்துக்கு மேல போனா மஞ்சள்"னு வரி வரியா கூட்டிக்கிட்டே போற சம் வேரியபிளை வெச்சு எழுதுனா முதல் வரில அந்த மொத்தம்ங்கிறது அதுவரைக்கும் கூட்டுனது மட்டும்தான், ஆக முதல் வரியே மொத்தத்துல 100 சதவீதமாகி மஞ்சளாயிடும், எரர் எதுவும் வராது, தப்பான கலர் மட்டும் வரும்! மொத்தத்தை டேட்டாவை எடுத்து வர்ற எஸ்க்யூஎல் குவெரிலயே கணக்குப் போட்டு ஒரு தனி நெடுவரிசையா கொண்டு வந்துட்டா தீர்ந்தது. ஆர்டிஎல்ல முழு டேட்டாசெட்டோட கூட்டுத்தொகையை எந்த வரில இருந்தும் கேட்டு வாங்கலாம், அதனால இந்தத் தொல்லை அங்க இல்லை.

காலி மதிப்பு இன்னொரு வம்பு. ஜாஸ்பர்ல எக்ஸ்பிரஷனை ஜாவா மொழில எழுதியிருக்கும்போது ஃபீல்டு மதிப்பே இல்லாம (null) வந்தா, பூஜ்யத்தோட ஒப்பிடவே முடியாது, முதல்ல அது காலியானு பார்த்துட்டுதான் ஒப்பிடணும். ஆர்டிஎல்ல ஓடுறது விஷுவல் பேசிக், அது காலியைப் பூஜ்யமா எடுத்துக்கும், அதனால "பூஜ்யமா இருந்தா சிவப்பு"னு எழுதுனா டேட்டாவே இல்லாத கட்டமும் சிவக்கும். அதோட, கண்டிஷன் சரியா தப்பானு பார்த்து ரெண்டுல ஒரு பதிலைத் தர்ற ஐஐஎஃப் ஃபங்ஷன் அங்க ரெண்டு பக்க பதிலையும் எப்பவுமே கணக்குப் பண்ணும், பூஜ்யத்தால வகுக்குறதைத் தடுக்கத்தான் போட்டோம்னு நினைச்சாலும் அந்த வகுத்தல் உள்ளுக்குள்ள நடந்துட்டுதான் இருக்கும்.

எக்ஸ்எம்எல்லைக் கையால திருத்துறவங்க குறைவுங்கிறதுக்கான < குறியை அப்படியே அடிச்சா, ஃபைலைப் படிக்கற பார்சர் அதைப் புது டேக்னு நினைச்சு ஃபைலையே திறக்காது. ஆம்பர்சேன்ட், எல், டி, செமிகோலன்னு எழுதணும், இல்லாட்டி சிடேட்டாவுக்குள்ள, அதாவது டேக்கா பார்க்காம வெறும் எழுத்தா எடுத்துக்கோன்னு சொல்ற பகுதிக்குள்ள, சுத்தி வைக்கணும். டிசைனர் வழியா போட்டா அதுவே பார்த்துக்கும்.

பின்னணி கலர் மாறலையா, எக்ஸ்பிரஷனைத் திட்டாதீங்க. ஜாஸ்பர்ல டெக்ஸ்ட் ஃபீல்டு இயல்பாவே ட்ரான்ஸ்பரன்ட், அதாவது பின்னணி இல்லாம கண்ணாடி மாதிரி, மோடுங்கிற ப்ராப்பர்ட்டியை ஒபேக்குக்கு (பின்னணி தெரியற மாதிரி) மாத்தாத வரைக்கும் கண்டிஷன் சரியா வேலை செஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது.

கலர் மாதிரியே ஒரு பாக்ஸ் வரணுமா வேண்டாமாங்கிறதும் இப்படி ஒரு கேள்விதான், ஆனா ஜாஸ்பர்ல பிரின்ட் வென் எக்ஸ்பிரஷன் ஆமாம்னா பாக்ஸ் வரும், ஆர்டிஎல்ல ஹிட்டன் ஆமாம்னா மறையும், நேர் தலைகீழ். ஜாஸ்பர்ல மறைஞ்ச பாக்ஸோட இடம் வெறுமையா அப்படியே நிக்கும், அதைச் சுருக்க காலியா இருந்தா வரியை நீக்குங்கிற ஆப்ஷனை ஆன் பண்ணணும், அதுவும் பக்கத்துல அதே உயரத்துல வேற எதுவும் அச்சாகாம இருந்தாதான் வேலை செய்யும்.