கானிஸ்டர் ஃபில்டரைப் பாத்திரம் போல் துலக்காதீர்கள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில், வீடுகளில் ஒட்டடை அடித்துக் கழுவித் துடைக்கும் வேலை தொடங்கியவுடன், மீன் தொட்டிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "முந்தாநாள்தான் ஃபில்டரை நன்றாகக் கழுவினோம், தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன" என்பார்கள். அண்மையில் சென்ற வீட்டில், நான்கடித் தொட்டியில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்த தங்கமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்திருந்தன. தொட்டித் தண்ணீரை வெளியே இழுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் மூடிய கலன்தான் கானிஸ்டர் ஃபில்டர்; அதற்குள் இருந்த செராமிக் வளையங்களைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, அரிசி நிறத்துக்குக் கொண்டுவந்து திரும்பப் போட்டிருந்தார்கள். பழைய ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு அக்கறையாகச் செய்த வேலைதான் மீன்களைக் கொன்றது என்று சொன்னபோது, அவர்கள் என்னை நம்பவில்லை.

வளையங்களின்மேல் படிந்திருக்கும் பழுப்பு நிற வழுவழுப்பு முழுவதும் அழுக்கு அன்று. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சமாகும் இரையும் அழுகி அதையே தருகிறது. ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைப் பெருமளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுவதால்தான் மூடிய தொட்டியில் மீன் உயிரோடு இருக்கிறது. அந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம்தான் நீங்கள் தேய்த்து எடுத்த அந்த வழுவழுப்பு.

இதைச் சொன்னவுடன் எல்லா வீட்டிலும் வரும் பதில் ஒன்று உண்டு: "பழைய தண்ணீரில் பாதியை அப்படியே வைத்திருந்தோமே, பாக்டீரியா அதில் இருக்குமே!" இருக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதால் மறுபடியும் எழுதுகிறேன். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பவை அல்ல; ஏதாவதொரு பரப்பைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. செராமிக் வளையம், ஸ்பாஞ்ச், அடியில் போட்ட கூழாங்கல், ஓரளவு கண்ணாடிச் சுவர் ஆகியவையே அவற்றின் இருப்பிடங்கள். எனவே குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு தொட்டியில் பாதியை மாற்றினாலும் அவற்றுக்குப் பெரிய சேதம் இல்லை. வளையங்களைச் சோப்பில் போட்டால் மொத்தமும் போயிற்று. நம் வீடுகளிலோ தண்ணீர் மாற்றப் பயப்படுகிறார்கள், ஃபில்டரைத் தேய்க்க மட்டும் தயங்குவதே இல்லை. இவை மற்றக் கிருமிகளைப்போல அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகும் இனமும் அல்ல. ஒரு புதுத் தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆவது வழக்கம். தண்ணீர் தெளிவாக இருப்பதும் எதற்கும் சான்றாகாது, ஏனென்றால் அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அதன் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், நம் ஊர் வெயில் காலத்தில் இந்தத் தவறுக்கு மன்னிப்பு குறைவு.

இதற்கு நேர்மாறாக, வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லை என்று பெருமை பேசுபவர்களும் இருக்கிறார்கள். கானிஸ்டருக்குள் சேரும் கழிவு கண்ணுக்கு மறைந்திருக்கிறதே தவிர, தொட்டித் தண்ணீரைவிட்டு வெளியேறிவிடவில்லை. நீரோட்டம் குறையத் தொடங்கினால் திறந்தே ஆக வேண்டும். மீன்களின் எண்ணிக்கையையும் இரையின் அளவையும் பொறுத்து அது ஒரு மாதத்திலும் வரலாம், மூன்று மாதத்திலும் வரலாம்.

செய்யவேண்டியது எளிது. முதலில் மின்செருகியைப் பிடுங்குங்கள், பிறகு வால்வுகளை மூடுங்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, சொரசொரப்பான ஸ்பாஞ்சை அதில் நாலைந்து முறை பிழியுங்கள். வளையங்களைக் கூடையோடு முக்கி ஆட்டி எடுத்தால் போதும். மெல்லிய பஞ்சை மட்டும் தயங்காமல் மாற்றலாம். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், அதிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வதற்காகவே கலக்கப்படுகிறது. கிணற்றுத் தண்ணீர் கூடாதா என்பார்கள். குளோரின் இல்லாதவரை பாதகமில்லை, ஆனால் தொட்டித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது அது எதற்கு? வளையங்களைப் புதிதாக மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒரு பகுதியை மாற்றிச் சில வாரங்கள் பொறுத்திருங்கள். கூழாங்கல்லைச் சுத்தம் செய்யும் நாளில் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

பலரும் மறக்கும் பகுதி இம்பெல்லர், அதாவது மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் காந்தம் பொருத்திய சிறு விசிறி. போர்வெல் தண்ணீர் கடினமாக உள்ள இடங்களில் அதன் காந்தத்தின்மேலும் குழியிலும் சுண்ணாம்பு படிந்து மோட்டார் இரைச்சலிடும். வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் கரைந்துவிடும். அது சுழலும் செராமிக் தண்டை வளைத்து இழுத்தால் ஒடிந்துவிடும். மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் கசியும். அதற்குச் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள், தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். கானிஸ்டரைத் தண்ணீரால் நிரப்பிய பிறகே மோட்டாரை ஓடவிடுங்கள்.

மின்தடையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றவுடன் மூடிய கானிஸ்டருக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பின்னர் உள்ளே எல்லாம் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் வரும். மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடினால் அத்தனையும் தொட்டிக்குள் போய்ச் சேரும். ஆகவே மின்தடை சில மணி நேரத்தைத் தாண்டினால் செருகியைப் பிடுங்கிவிட்டு, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, கூடைகளைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே மீண்டும் ஓட்டுங்கள். மின்சாரம் வர நாளாகும் என்று தெரிந்தால் வளையங்களை ஒரு வலைப்பையில் இட்டுத் தொட்டிக்குள்ளேயே இறக்கி, பேட்டரி ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே தேய்த்துக் கழுவிவிட்டவர்கள் தயவுசெய்து பதறிப்போய் மீன் நோய்க்குக் கடையில் விற்கும் நீல மருந்தையும் மஞ்சள் நிறப் பொடி மருந்தையும் கொட்டாதீர்கள்; மிஞ்சியிருக்கும் பாக்டீரியாக்களையும் அது பாதிக்கும். இரண்டு நாள் இரையை நிறுத்துங்கள், மீன் பட்டினியால் செத்துவிடாது. ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதனைக் கிட்டில் பார்த்துக்கொண்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் நாள்தோறும் கால் பங்கை மாற்றுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி வளையங்களைக் காயவிடாமல் தண்ணீரோடு வாங்கி வந்து உங்கள் கானிஸ்டரில் போட்டுவிடுங்கள். கடையில் விற்கும் எந்தப் பாக்டீரியாக் குப்பியையும்விட நான் அதைத்தான் நம்புவேன்.